மூணாம் நம்பர் இன்ஜின்

தம்பி,

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ரவிக்கை அளவு குறிக்கிற நோட்டிலிருந்து கிழித்த தாள் இது. ஓரத்தில் யாருடைய கழுத்து இறக்கமோ கை நீளமோ இருந்தால் கண்டுகொள்ளாதே. முந்தாநாள் நீ சொன்ன வார்த்தை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "சென்னையிலருந்தே ஃபிளைட் ஏறிடுறோம்மா. அங்குட்டு வந்து என்ன ஆகப் போகுது? அவரு அந்தப் பொம்மை ரயில விட்டு எந்திரிச்சா வரப் போறாரு?" என்றாய். நானும் மண்டு மாதிரி, "சரிய்யா, ஒன் சவுகரியம்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் "சரிய்யா"வைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகளும் ஜெர்மனிக்குக் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவை நீ வீட்டுக்கு வர வேண்டும். ஏன் வர வேண்டும் என்பதைத்தான் ஒன்றரை வருஷத்துக்கு மேலாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். மருமகளும் இதைப் படிக்கட்டும். இனி அவளிடம் மறைக்கவும் எனக்குத் தெம்பில்லை. இரண்டு பேரும் முழுசாகப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

உன் அப்பாவுக்கு மறதி நோய். வயசானால் எல்லோருக்கும் வருகிற, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்கிற மறதி இல்லை இது. மதுரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மூளை கொஞ்சங் கொஞ்சமா சுருங்கிக்கிட்டு வருதும்மா. தள்ளிப்போடத்தான் மருந்து இருக்கு, திருப்ப மருந்து இல்ல" என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா பக்கத்தில் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என்ன சொன்னாரு? கண்ணு நல்லாருக்குன்னாரா?" என்று கேட்டார். ரயில்வேயில் வருஷாவருஷம் கண் பரிசோதனைக்குப் போன ஞாபகத்தில் கேட்கிறார். "நல்லாருக்குன்னாரு, இன்னும் அஞ்சு வருசம் வண்டி ஓட்டலாம்னாரு" என்றேன். சந்தோஷப்பட்டார். நான் சொன்ன முதல் பொய் அது.

அந்த வாரம்தான் உனக்குப் பெண் வீட்டில் பூ வைத்துவிட்டு வந்திருந்தோம். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூளையில் கோளாறு என்று ஒரு வாய் கிளம்பினால் போதும், அது ஊர் சுற்றிப் பெண் வீட்டுக்குப் போவதற்குள் மாப்பிள்ளைக்கே பைத்தியம் என்று ஆகிவிடும். கல்யாணம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. டாக்டர் சீட்டை லைனிங் துணி மூட்டைக்குள் வைத்துத் தைத்தே விட்டேன். கல்யாணம் முடிந்ததும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். முடிந்தபின், தெரிந்தே மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள் என்று சம்பந்தி வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்துவிட்டது. அப்படியே நாள் போயிற்று.

கல்யாணத்தன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மணமேடையில் நீயும் மருமகளும் எங்கள் காலில் விழுந்து எழுந்தீர்கள். உன் அப்பா திருநீறு பூசிவிட்டு உன் முகத்தை உற்றுப் பார்த்தார். சம்பந்தி, கேமராக்காரன், ஊர்க்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, "தம்பி, மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அவரு எப்பவுமே இப்படித்தான், நேரங்காலம் தெரியாமக் கேலி பண்ணுவாரு" என்று முந்திக்கொண்டு சொன்னேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. பந்தி நேரத்தில் அவரைக் காணாமல் தேடி, கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பட்டு வேட்டியோடு நின்றவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். "கல்யாணத்தன்னிக்காச்சும் அந்த மனுசன் எனக்கு அப்பாவா இருந்திருக்கலாம்லம்மா" என்று சாயங்காலம் என்னிடம் கேட்டாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உனக்குப் பின்னால் சம்பந்தியம்மா தாம்பூலப் பையோடு நின்றார்கள், முழுங்கிவிட்டேன். அன்றைக்குப் போனவன்தான் நீ, ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது.

அதற்குப்பின் நீ போன் செய்யும்போதெல்லாம் நான் செய்த வேலையைக் கேள். வீடியோ போன் என்றால், உனக்குத் தெரியாதபடி போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நல்லாருக்கியா தம்பின்னு கேளுங்க. சாப்பிட்டியான்னு கேளுங்க" என்று வாயசைப்பேன். அவரும் சொல்லிக்கொடுத்த பிள்ளை மாதிரி கேட்பார். அவர் நிலைமை சரியில்லாத நாளில், "அப்பா ரயில் பலகையில வேலையா இருக்காரு, கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு" என்று சொல்லி வைத்துவிடுவேன். பாதி நாள் அவர் பலகைப் பக்கமே போயிருக்க மாட்டார். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாச்சு, செருப்பு எங்கே என்று நின்றுகொண்டிருப்பார். என் பொய்க்குப் பழி சுமக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ரயிலைப் பிடித்துக் கொடுத்தேன். "என்னைவிட அவருக்குப் பொம்மை ரயிலு பெருசாப் போச்சு" என்று நீ சொன்னாயே, அந்த நினைப்பை உனக்குள் வளர்த்தது நான்தான் அய்யா. அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

அந்த ரயில் இந்த வீட்டுக்கு வந்ததே உன்னால்தான். முப்பத்தாறு வருஷம் இன்ஜின் ஓட்டிவிட்டு வந்த மனுஷன், ஓய்வு பெற்ற முதல் மாதம் முழுக்க வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தே தேய்ந்தார். அப்போது பெங்களூரில் வேலையில் இருந்த நீ ஒரு பெட்டி அனுப்பினாய். வட்டமாக மாட்டுகிற தண்டவாளம், கையில் பிடிக்கிற ஒரு கன்ட்ரோலர், நீலக் கலரில் ஒரு டீசல் இன்ஜின். "அறுபது வயசுல சொப்பு விளையாட்டா, ஊரு சிரிக்கப் போகுது" என்று நான்தான் முதலில் நொடித்தேன். ஆறே மாதத்தில் உன் அறையில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை வந்து உட்கார்ந்துவிட்டது. என் நூல்கண்டு அட்டைப்பெட்டியெல்லாம் புதுவயல் அரிசி ஆலைகளாயின. ஆலை முற்றத்தில் ஒட்ட நிஜ உமி வேண்டுமென்று புதுவயலுக்கே சைக்கிளில் போய்ப் பை நிறைய அள்ளி வந்தார். இன்ஜினுக்குள் போகிற ஒயர் என் ஊசியில் கோக்கிற நூலை விட மெல்லிசு. அவர் கைக்கு அது பிடிபடாது. "இந்தா புள்ள, ஒன் கைய கொஞ்சம் குடு" என்று கூப்பிடுவார். அப்படித்தான் நானும் அதற்குள் போனேன்.

அந்த ரயிலின் சூட்சுமத்தை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! "பழைய பொம்மை ரயிலுன்னா கரண்டக் கூட்டுனா மேல நிக்கிற எல்லா வண்டியும் ஓடும். இது டிஜிட்டல். தண்டவாளத்துல கரண்ட் எப்பவும் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளயும் நகம் அளவு ஒரு சில்லு, அதுக்கு ஒரு நம்பரு. எந்த நம்பரக் கூப்பிடுறனோ அந்த இன்ஜின் மட்டுந்தான் காது குடுக்கும், மத்ததெல்லாம் சும்மா நிக்கும்" என்பார். "நான் கூப்பிட்டா நீங்க காது குடுக்குறதில்லையே, ஒங்களுக்கும் ஒரு சில்லு வச்சுவிடச் சொல்லவா?" என்பேன். சிரிப்பார். கடையிலிருந்து வருகிற எந்தப் புது இன்ஜினும் மூணாம் நம்பரோடுதான் வருமாம், வாங்கியவர்கள் வேறு நம்பர் கொடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வாங்கிய நாலு இன்ஜினுக்கும் அவர் நம்பர் மாற்றினார். நீ அனுப்பிய நீல இன்ஜினுக்கு மட்டும் மாற்றவில்லை. "பய வாங்கிக் குடுத்தது, வந்த நம்பரோடயே ஓடட்டும்" என்றார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

இன்னொன்றும் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். இன்ஜினில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார், உதவி டிரைவர் வலது பக்கம். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருத்தர் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் கையைத் தூக்கி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனுக்குள் நுழையுமுன் வருகிற ஹோம் சிக்னலில் பச்சை விழுந்து, "ஹோம் கிரீன்!" என்றால் "ஹோம் கிரீன்!" தூங்கவில்லை, பார்த்துவிட்டேன், எனக்கும் கேட்டது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்த ஆள் உன் அப்பா. நீ ஐந்து வயசில் டிவிஎஸ் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு போவாய். புதுவயல் ரோட்டில் நெல் லாரி வந்தால் "லாரி!" என்று கத்துவாய், "லாரி!" என்பார். "மாடு!" "மாடு!" என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டே வருவது தெருமுனையில் எனக்குக் கேட்கும். பலகை போட்ட முதல் பொங்கலுக்கு நீ ஒரு வாரம் லீவில் வந்தாய் அல்லவா? வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நீ சிக்னலைச் சொல்ல, அவர் கையைத் தூக்கித் திருப்பிச் சொல்ல, சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரவில்லை. "சோறு ரெடி!" என்று நான் கத்தினேன், இரண்டு பேரும் கையைத் தூக்கி "சோறு ரெடி!" என்றீர்கள். தடியங்களா என்று திட்டினேன். அவர் நன்றாக இருந்த கடைசிப் பொங்கல் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எப்போதோ அவர் கேட்டுவைத்திருந்த புது இன்ஜின் ஒன்று தபாலில் வந்தது. அவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. நானே பிரித்துத் தண்டவாளத்தில் வைத்தேன். மூணாம் நம்பரைக் கூப்பிட்டால் புதுசும் ஓடுகிறது, உன் நீல இன்ஜினும் ஓடுகிறது. சரி, புதுசுக்கு ஐம்பது என்று நம்பர் மாற்றிவிடுவோம் என்று, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன். நம்பர் மாற்றும்போது மற்ற இன்ஜின்களையெல்லாம் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அதில் சொன்னதை நான் கவனிக்கவில்லை, அடுப்பில் பால் வைத்திருந்தேன். மேலே நின்ற ஆறு இன்ஜினும் ஐம்பதாகிவிட்டன. அது தெரியாமல், ஐம்பதைக் கூப்பிட்டு, "இந்தாங்க, புது வண்டி, ஓட்டுங்க" என்று கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். அவர் திருகினார். ஆறும் ஒன்றாகக் கிளம்பின. ஒரே லைனில் எதிரெதிராக வந்த இரண்டு முட்டிக்கொண்டன. பின்னால் வந்தது அவற்றின் மேல் ஏறி, ஒரு பெட்டி பலகை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து உடைந்தது.

உன் அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "எத்தன பேரு?" என்றார். எனக்குப் புரியவில்லை. "உள்ள எத்தன பேரு இருந்தாக? கன்ட்ரோல் ஆபீஸுக்குச் சொல்லியாச்சா?" என்று நடுங்கினார். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மோதல்கூட இல்லாத மனுஷன். "என்னைய புடிச்சுக்கிட்டுப் போகப் போறாக, நான் சிக்னலப் பாக்கல, நான் பாக்கல புள்ள" என்று தரையில் உட்கார்ந்து உடைந்த பெட்டியைத் தடவிப் பார்த்தார், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று. முதுகைத் தடவிக்கொடுத்து, "ஒருத்தரும் இல்லங்க. காலி வண்டி. யார்டுக்குப் போன வண்டி" என்றேன். "காலி வண்டியா?" "ஆமாங்க, காலி வண்டிதான்." மறுநாளும் சாப்பிடவில்லை. பத்துத் தடவை கேட்டார், பத்துத் தடவையும் காலி வண்டி என்றேன். பொய் சொல்வதில் எனக்கு இப்போது யாரும் ஈடில்லை.

அடுத்த நாள் எல்லா இன்ஜினையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் வைத்து நம்பர் போட உட்கார்ந்தேன். எதற்கு எது என்று அவர் எழுதிவைத்த நோட்டை எடுத்தேன். முன்பக்கமெல்லாம் அச்சு மாதிரி எழுத்து. போகப் போகக் கோணல்மாணலாகி, கடைசிப் பத்துப் பக்கத்தில் 3, 3, 3 என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு பச்சை இன்ஜினை எடுத்துக் காட்டி, "இது எத்தனையாம் நம்பருங்க?" என்றேன். தெரியவில்லை. சிவப்பு, மஞ்சள், எதுவும் தெரியவில்லை. உன் நீல இன்ஜினை எடுத்தேன், நான் கேட்பதற்குள் "மூணு" என்றார். "எப்படித் தெரியும்?" "பய வாங்குனது. மாத்தக் கூடாது." "எந்தப் பய?" என்றேன். "நம்ம பயதான். இங்குட்டு ஒக்காந்து சிக்னலு சொல்லுவானே" என்று வலது பக்க ஸ்டூலைத் தட்டினார். பேர் என்ன என்று கேட்டேன். வாயைத் திறந்தார், வரவில்லை. கோபத்தில் பலகையில் ஓங்கி அடித்தார். உன் கல்யாண போட்டோ எதிரே சுவரில் தொங்குகிறது. அதைக் காட்டினேன். "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்க மாட்டேன். உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் உன் பெண்டாட்டியிடம் சொல். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைக்காதே, அந்த நேரம் வரவே வராது. அவள் ஒன்று சொன்னால், காதில் விழுந்தது என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிச் சொல். உன் அப்பா முப்பத்தாறு வருஷம் ரயிலில் அதைச் செய்தார், வீட்டில் பாதி நாள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். நானும் அவர் சொன்னதைக் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது திருப்பிச் சொல்ல அவரிடம் சொற்கள் குறைந்துகொண்டே போகின்றன. இரண்டு வாரமாகச் சிக்னல் சொன்னால் சில நேரம் கை மட்டும் தூக்குகிறார், வார்த்தை வரவில்லை. இதுவும் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். நீ ஜெர்மனிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது இருக்காது.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் முன்னால் நின்று "என்னைத் தெரியுதாப்பா?" என்று கேட்டுவிடாதே. வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஏதோ பரீட்சையில் தோற்றவர் மாதிரி கூனிக் குறுகிப் போகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உன் அறைக்குப் போ. ஒன்றும் பேசாமல் வலது பக்க ஸ்டூலில் உட்கார். தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் நானே தினமும் துடைத்து வைத்திருக்கிறேன், தூசி இருந்தால் வண்டி நின்று நின்று போகும். மற்ற வண்டிகளுக்கெல்லாம் நான்தான் உதவி டிரைவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் பார்ப்பதற்குள் சிக்னல் தாண்டிவிடும், "கவனம் எங்க இருக்கு?" என்று திட்டு வாங்குவேன்.

நீல இன்ஜினுக்கு மட்டும் நான் ஆகவில்லை. பதினோரு நாளைக்கு முன்னால் மூணாம் நம்பரைக் கூப்பிட்டு ஓட்டி வந்தவர், பலகையில் இருக்கிற புதுவயல் ஹோம் சிக்னலில் பச்சை விழுந்தும் நிறுத்திவிட்டார். "ஹோம் கிரீன்!" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ இல்ல புள்ள" என்றார். தினமும் காலையில் வந்து வலது பக்க ஸ்டூலைப் பார்க்கிறார், மற்ற வண்டியை ஓட்டிவிட்டுப் போகிறார். பச்சை எரிந்துகொண்டேதான் இருக்கிறது, வண்டி அங்கேயே நிற்கிறது. நீ வந்து சொல் தம்பி.

அம்மா